தூர் ஸ்டேஷனில் இறங்கப் போவதில்லையாம்

பிப்ரவரி 9, திங்கள்

பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. பாலில் வழக்கம்போலத் தண்ணீர். பால்காரரைக் கேட்டால் மாட்டைக் குறை சொல்கிறார்.

மடக்கு சைக்கிள் இரண்டும் வந்து சேர்ந்தன. திருச்சியிலிருந்து வேனில். சக்கரம் சின்னது, சீட்டு மட்டும் நெட்டையாக. நடுவில் ஒரு கீல். கொக்கியை விடுவித்தால் வண்டி இரண்டாக மடிந்து பெட்டி அளவுக்கு வந்துவிடுகிறது. எந்தக் கடை, யார் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டேன். "வந்துச்சு" என்கிறார் இவர். மின்வாரியத்தில் இத்தனை வருஷம் லைன் பார்த்தவர், வீட்டுக்கு ஒரு பல்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷர். இவருக்குச் சைக்கிள் தானாக வந்துச்சாம்!

பிளான் இது: மே மாதம் பிரான்ஸ். நானும் இவரும். பாரிஸில் இறங்கி, பிறகு ஒரு பெரிய ஆற்றின் கரையோடு சைக்கிள். களைத்தால் ரயில். சைக்கிளை மடித்துக் கையோடு ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர். ராத்திரிக்கு ஓட்டல். அறுபத்தொரு வயசில் எனக்கு இது என்ன கூத்து என்றேன். ஆற்றோரம் மேடே கிடையாது என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

தேன்மொழி அங்கேதான் இருக்கிறாள். எங்கள் ஒரே பெண். தூர் என்று ஒரு ஊர். கல்யாணமாகி ஐந்து வருஷம். மாப்பிள்ளை வீடு காரைக்கால். தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. பெற்ற பெண் வீடு அங்கே இருக்க, ஓட்டல் எதற்கு? இதைக் கேட்டதும் இவருக்கு மோட்டார் போட ஞாபகம் வந்துவிட்டது. தொட்டி ஏற்கெனவே நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

நான் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகும்வரை பரீட்சை ஹாலில் நின்றவள். பையன் முதுகைப் பார்த்தே பிட்டு எங்கே என்று சொல்லிவிடுவேன். இரண்டு வாரமாக இவர் முதுகு சரியில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

பள்ளி மைதானத்தில் பயிற்சி. விடிவதற்குள் போய்விட்டோம், யாரும் பார்க்கக்கூடாது என்று. ஊரே வாக்கிங் வந்திருந்தது. அதில் பாதி என்னிடம் படித்ததுகள். "டீச்சர், சின்னப்புள்ள சைக்கிளா?" ஒருத்தன். அவன் பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை எழுதியவன்.

சுடிதார். வாழ்க்கையில் முதல் தடவை. பக்கத்து வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தது.

விழுந்தது ஒரு தடவை. வலது முழங்கை. மஞ்சள் பத்து.

இவர் இரண்டு தடவை போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு அங்கிட்டுப் போய்ப் பேசினார். காற்றில் ஒரு துண்டு காதில் விழுந்தது: "ஆமா, மூணு பேருக்குத்தான்."

மூன்று பேரா? யார் அந்த மூன்றாவது?

திரும்பி வந்ததும் யார் போனில் என்றேன். கேஸ் ஏஜென்சியாம். விடிகாலை ஆறு மணிக்கு.

பிப்ரவரி 11, புதன்

வெயில் இப்போதே சுள்ளென்று. வடகம் போடலாம்.

இவர் குளிக்கப் போனபோது மேசையில் விரித்திருந்த பிரான்ஸ் மேப்பைப் பார்த்தேன். ஒளிந்து ஒன்றும் பார்க்கவில்லை, விரித்துத்தான் இருந்தது. ஊர்களைச் சிவப்பில் சுழித்திருக்கிறார். ஓர்லியான், புளுவா, சோமூர், ஆன்ழே, நாந்த். எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது ஒரு மாதிரி. எழுதினதை அப்படியே படிக்காத ஜனத்தை எப்படி நம்புவது?

எல்லா ஊருக்கும் நடுவில் கொஞ்சம் சைக்கிள், கொஞ்சம் ரயில். கிட்டத்தட்ட ஒரே அளவு. புளுவாவிலிருந்து சோமூருக்கு மட்டும் நேராக ரயில். சைக்கிளே இல்லை. நடுவில் எங்கும் இறங்குவதும் இல்லை. அந்த நடுவில் என்ன ஊர் என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

தூர்.

பெண் இருக்கிற ஊரைத் தாண்டி ரயில் போகும். நாங்கள் உள்ளே உட்கார்ந்திருப்போம். ஆற்றைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிறவர்கள் பெண்ணைப் பார்க்க இறங்க மாட்டோம்.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். தூரில் ஏன் இறங்கவில்லை என்றேன். "அங்கிட்டு ஒரே டிராபிக்கு" என்றார். பாரிஸில் டிராபிக் இல்லையாம், தூரில் இருக்கிறதாம்.

தேனுவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதோ ஆகிவிட்டது. பிரிந்துவிட்டார்களா? இவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. இல்லை, உடம்புக்கு ஏதாவதா?

மிளகாய் வடகம் போடவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

அங்கே சில ரயிலில் சைக்கிளை மடித்துப் பைக்குள் போட்டால்தான் விடுவார்களாம். கடையில் விற்கிற பை எல்லாம் ஒரு மாசத்தில் கிழிந்துவிடும். ஃப்ளெக்ஸில் தைக்கலாம் என்று சொன்னது நான். பக்கத்து வீட்டுப் பேரனின் காதுகுத்து ஃப்ளெக்ஸ் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடிக் கிடந்தது. கேட்டதும் கொடுத்தார்கள். கீழராஜ வீதித் தையல்காரர் இரண்டு பை தைத்து வைத்திருந்தார். கச்சிதம். ஒரு பையின் மேலே அந்தக் குழந்தை மொட்டைத் தலையோடு சிரிக்கிறது. இன்னொன்றில் தாய்மாமன்கள் வரிசையாக, எல்லோரும் கறுப்புக் கண்ணாடி.

எனக்குச் சிரிப்பு. இவர் முகம் மாறிவிட்டது. பிரித்து உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் தைக்கச் சொல்லிவிட்டார். தையல்காரர், படம் நல்லாத்தானே இருக்கு சார் என்றார். தாய்மாமன்கள் இருக்கட்டும், குழந்தை படம் மட்டும் உள்ளே போகட்டும் என்றார் இவர்.

ஏன்? வெளிநாட்டில் மானம் போகும் என்றால் கறுப்புக் கண்ணாடிகளைத்தானே முதலில் மறைக்க வேண்டும்?

சந்தேகம் இதுவரை:
சைக்கிள் யார் வாங்கியது.
மூன்றாவது ஆள்.
தூர்.
குழந்தை படம்.
கேஸ் ஏஜென்சி.

பிப்ரவரி 14, சனி

முதல் ஒத்திகை. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரை ரயில், பிறகு சைக்கிள்.

பிளாட்ஃபாரத்தில் கூட்டம் கூடிவிட்டது. பைக்குள் என்ன என்று ஆளுக்கொரு கேள்வி. தையல் மிஷினா, ஓட்டு மிஷினா, ஏர்கூலரா. டிக்கெட் பரிசோதகர் பையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே சைக்கிள் என்றதும் நம்பவில்லை. பிரித்துக் காட்டினோம். பிரித்ததை மடிக்கத் தெரியவில்லை. கொக்கி எந்தப் பக்கம் என்று நானும் இவரும் சண்டை போட்டு முடிப்பதற்குள் நமணசமுத்திரம் வந்துவிட்டது.

திருமயத்தில் கோட்டை பைரவர் முன்னால் இரண்டு சைக்கிளையும் நிறுத்திச் சூடம், தேங்காய். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். சின்னச் சக்கரம், ஏறாமல் பழத்தைத் தள்ளிக்கொண்டே போகிறது. லாரிக்காரர் ஒருத்தர் வண்டியிலிருந்து இறங்கி வந்து பழத்தைப் பிடித்துக்கொண்டார். ஏறிவிட்டது.

கோட்டையைச் சுற்றி இரண்டு ரவுண்டு. காற்று முகத்தில் அடித்தது. நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

வெள்ளரிப்பிஞ்சு, உப்பு மிளகாய்த்தூள். இவர் எனக்கு முதல் துண்டைக் கொடுத்தார். இப்படிக் கரிசனமாக இருந்தால் நிச்சயம் ஏதோ இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

குளத்தூர் மதினி வந்துவிட்டுப் போனது. இவருடைய அக்கா. சைக்கிளை மடித்துக் காட்டினோம். மதினி அதைப் பார்க்கவே இல்லை. வந்த காரியம் வேறு.

"பிரான்சுன்னா என்ன, பரங்கிமலைன்னா என்ன, வழக்கம் வழக்கந்தான். அங்கிட்டுப் போயி பொண்ணு வீட்டுல கை நனைச்சுப்புடாதீங்க."

இவர்கள் குடும்பத்து வழக்கம் இது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை பெற்றவர்கள் அவள் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சோறு கிடையாது. தண்ணீர்கூடக் கிடையாது. மதினி தன் பெண் வீட்டு வாசலில் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய்க் குடித்த ஆள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தேனு லீவில் காரைக்கால் வந்திருந்தாள். போய்ப் பார்த்தோம். மே மாத வெயில். இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். என் கை பாதி நீண்டது. இவர், இப்பத்தான் குடிச்சோம்மா என்றார். டம்ளர் இரண்டும் உள்ளே போய்விட்டன. அவள் திரும்பி வர நேரமாயிற்று.

மதினியிடம் இவர் சரி சரி என்று தலையாட்டினார். தரையைப் பார்த்துக்கொண்டே.

ஆனாலும் கணக்கு உதைக்கிறது. கை நனைக்கக்கூடாது என்றால் நனைக்காமல் இருந்துவிட்டு வரலாமே. காரைக்காலுக்குப் போகவில்லையா? ஊரில் இறங்காமலே போவானேன்? இது வழக்கம் இல்லை. வேறு ஏதோ.

மதினிக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தேன். தொட்டி மோட்டார் வாஷர் போய்விட்டது.

பிப்ரவரி 16, திங்கள்

மறுபடி பனி. முழங்கை பரவாயில்லை.

நானே வீடியோ காலில் தேனுவைக் கூப்பிட்டேன். இவர் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. எடுத்தாள். இளைத்திருக்கிறாள், அல்லது முடியை வெட்டியிருக்கிறாள். குளிரா, சாப்பிட்டாயா, எல்லாம் கேட்டேன். மாப்பிள்ளை எங்கே என்றேன். பின்னால் வந்து வணக்கம் அத்தை என்றார். கையில் கரண்டி. முகம் தெளிவாக இருந்தது. அப்படியானால் பிரியவில்லை. அல்லது எனக்காகக் கூட்டிக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். கரண்டி வரைக்கும் ஏற்பாடு செய்வாள், அவள் அப்பா பெண்.

தூரில் நாங்கள் ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன். போனைத் திருப்பிவிட்டாள். வீட்டுக் கூரை தெரிந்தது. சின்ன வயசில் பொய் சொல்ல வேண்டி வந்தால் மேலே பார்ப்பாள். இப்போது போனை மேலே பார்க்க வைக்கிறாள். சிக்னல் போயிருச்சும்மா என்றது குரல். சிக்னல் போனால் குரலும்தானே போக வேண்டும்?

ஆனால் போன் திரும்பும்போது ஒரு கணம் சுவர் தெரிந்தது. சுவரோரம் ஒரு மடக்கு சைக்கிள். நீல நிறம். அதே சின்னச் சக்கரம், அதே கொக்கி. எங்கள் வீட்டில் இருப்பதற்குக் கூடப்பிறந்தது.

மூன்று பேர். மூன்று சைக்கிள்.

அப்படியானால் அவள் எங்களோடு வருகிறாள். சொந்த வீட்டில் நாங்கள் இறங்கமாட்டோம், ஆனால் ஊர் ஊராகக் கூட வருவாள். இது என்ன கணக்கு?

பிப்ரவரி 18, புதன்

இரண்டாவது ஒத்திகை. மறுபடி திருமயம். இந்தத் தடவை மடிப்பதில் சண்டை இல்லை.

ஒரு பையனிடம் உண்மையை வாங்க வேண்டுமென்றால் அவன் ஓட முடியாத இடத்தில் கேட்க வேண்டும். திரும்பி வருகிற ரயில் லேட். ஸ்டேஷனில் நாங்கள் இரண்டு பேர், ஒரு நாய், இரண்டு ஃப்ளெக்ஸ் பை. கேட்டேன்.

"தேனு நல்லா இருக்காளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கா."

"அப்ப அவ வீட்டுல மூணாவது சைக்கிளு எதுக்கு?"

நாயைப் பார்த்தார். சிக்னலைப் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார்.

பிளான் முழுக்க அவள் போட்டதாம். ஆறு, ஊர், ஓட்டல், சைக்கிள் எல்லாம். எங்களைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஏங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட வாய் வரவில்லையாம். அவள் சொன்னதை இவர் அப்படியே சொன்னார், அவள் குரலை இறக்கிக்கொள்கிற மாதிரியே இறக்கிக்கொண்டு:

"வந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம உக்காந்திருப்பீங்கப்பா. மறுபடி அந்த டம்ளரத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போக என்னால ஆகாது. ரோட்டுல, ரயில்ல, ஓட்டல்லன்னா எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடலாம்ல."

வழக்கத்தில் ஓட்டலைப் பற்றி ஒன்றும் கிடையாது. ரயிலைப் பற்றியும் கிடையாது. அதைக் கண்டுபிடித்திருக்கிறாள் என் பெண். இரண்டு வாரம் கூடவே சைக்கிளில் வருவாளாம். மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடலாமாம். வீடு இருக்கிற ஊரில் மட்டும் ரயில் நிற்கும்போது யாரும் எழுந்திருக்க வேண்டாமாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அழும் என்றாளாம்.

குழந்தை படத்தை ஏன் உள்ளே தள்ளினார் என்றும் புரிந்தது. இரண்டு வாரம் அந்தப் பை அவள் கண் முன்னால் இருக்கும்.

நான் அழவில்லை. ரயில் வந்தது. பையைத் தூக்கினேன். ஏறினேன். புதுக்கோட்டை வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன், எதையும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

பேசவில்லை.

உப்புமா. இவர் உப்பு இல்லை என்று சொல்லாமல் சாப்பிட்டார்.

கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. சைக்கிளை மடித்தேன், விரித்தேன், மடித்தேன். நாட்டையே சுற்றிக் காட்டுகிறேன், என் வாசலை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள் என்று ஒரு பெண் உட்கார்ந்து பிளான் போட்டிருக்கிறாள். அதற்கு மேப் பார்த்திருக்கிறாள், ரயில் பார்த்திருக்கிறாள். எந்த ரயில் தன் ஊரில் அதிக நேரம் நிற்காது என்றுகூடப் பார்த்திருப்பாள். அவள் அப்படித்தான், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். பாவி மகள். என் தங்கம்.

நான் பரீட்சை ஹாலில் எல்லோருடைய முதுகையும் பார்த்தேன். அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன முதுகைச் சரியாகப் பார்க்கவில்லை.

இவர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்தார். அக்கா என்ன சொல்லுமோ என்றார். நான் சொன்னேன்: "நீங்க வேணும்னா வாசல்ல நின்னு மூணு சைக்கிளையும் பாத்துக்கங்க. நான் உள்ள போயி சாப்பிடப் போறேன்."

ஃபேன் சத்தம். பிறகு, "எனக்கு மட்டும் பசிக்காதா?" என்றார்.

பிப்ரவரி 20, வெள்ளி

வாஷர் மாற்றியாயிற்று. வடகமும் போட்டாயிற்று, மிளகாயும் வெங்காயமும். காக்காய்க்குக் கறுப்புக் குடை.

இவரே குளத்தூருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடவில்லை, நான் ஒட்டுக்கேட்டேன். தூரில் இறங்குகிறோம், தேனு வீட்டில் சாப்பிடுகிறோம் என்று ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கம் மதினி நிறையப் பேசியது. இவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில், "அவ எம்மக, அக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை கூட.

மேப்பில் தூரைச் சுற்றி அவர் ஒரு வட்டம் போட்டார். மற்ற வட்டங்களைவிடப் பெரிசு. புளுவாவிலிருந்து தூருக்குச் சைக்கிளிலேயே போகலாமாம், இரண்டு நாளாகப் பிரித்தால். டிராபிக் என்னாயிற்று என்று கேட்டேன்.

பிப்ரவரி 21, சனி

பனி இல்லை. முகத்தில் நல்ல வெயில்.

தேனுவைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். தலை கலைந்து எடுத்தாள். இவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பாவனையில் நின்றார். காற்று நேற்றே அடித்தாயிற்று.

"அப்பா எல்லாம் சொல்லிட்டாரு" என்றேன். "தூர்ல எறங்குறோம். மொதல்ல ஒங்க வீடு. அப்பறந்தான் சோமூரு."

அவள் மெல்ல, "அம்மா, இன்னும் எனக்கு ஒண்ணும் இல்லம்மா. டாக்டரு இன்னும்..."

"அதை நான் கேட்டேனா? ரசம் வைக்க வீட்டுல மெளகு இருக்கா?"

போனைத் திருப்பிவிட்டாள். கூரை. வெள்ளைக் கூரை, ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் இறங்கிய கறை. மேல் வீட்டுக்காரர்கள் குழாயைச் சரியாக மூடுவதில்லை போல. சத்தம் ஒன்றும் இல்லை. நான் வைக்கவில்லை. அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் பம்ப் சத்தம் நின்றுவிட்டது.

ரொம்ப நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"மெளகு இருக்கும்மா. புளிதான் இல்ல."

வாங்க வேண்டியது: புளி, ஒரு கிலோ. கொட்டை எடுத்தது.